சிங்கப்பூர் அலுவலகத்தில் புதிதாகச் சேருவோருக்கு: பல இனத்தவரோடும் பலவகை மனிதரோடும் பணிபுரிவது எப்படி?

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சிங்கப்பூருக்கு முதன்முறையாக வேலைக்கு வருபவர்களுக்கு அறை பிடிப்பதையும் வங்கிக் கணக்குத் தொடங்குவதையும் ரயில் அட்டை வாங்குவதையும் சொல்லிக்கொடுக்க ஆட்கள் ஏராளமாகக் கிடைப்பார்கள். அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் சீனரையும் மலாய்க்காரரையும் பிலிப்பீன்ஸ்காரரையும், ஏன், மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழரையும் எப்படிப் புரிந்துகொள்வது என்று சொல்பவர்கள் குறைவு. அப்படிச் சொல்பவர்களும் பெரும்பாலும் "சீனர்கள் இப்படி, மலாய்க்காரர்கள் அப்படி" என்று ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியல் முற்றிலும் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆளிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அது உதவும். அவர் என்ன பதில் சொல்வார் என்பதை அதை வைத்து முடிவுகட்டக் கூடாது. கீழே நான் தரும் செய்திகளையும் அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகப் பணிக்கு வருபவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உள்ள நடைமுறைகள் வேறு.

படி 1: வருவதற்கு முன் ஊரின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்த மக்கள்தொகையில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, இந்தியர்கள் 9 விழுக்காடு. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள். மலாய் தேசிய மொழி. அலுவலகத்தில் புழங்குவது ஆங்கிலம். இனத்தைத் தெரிந்துகொண்டால் மதமும் தெரிந்துவிடும் என்று எண்ணி வருபவர்கள் முதல் வாரத்திலேயே தடுமாறுவார்கள். சீனர்களில் பௌத்தர், தாவோயிசத்தவர், கிறிஸ்தவர், எந்த மதத்தையும் சாராதவர் என்று எல்லாரும் உண்டு. இந்தியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் முஸ்லிம். அவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் பலர். மொத்த மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமக்கு மதம் இல்லை என்றே கணக்கெடுப்பில் பதிந்திருக்கிறார்.

இனப் பேச்சை இந்த ஊர் ஏன் இவ்வளவு கவனமாகக் கையாளுகிறது என்பதற்கு வரலாறு உண்டு. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக்கலவரத்தில் உயிர்கள் போயின. அந்தத் தேதியைத்தான் இன்று பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. இனம், மொழி, மதம் என்ற வேறுபாடு பாராத மக்கள் என்று கூறும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதியவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். ராஜரத்னம். அரசு அமைப்பான வீட்டு வசதிக் கழகம் கட்டிய குடியிருப்புகளில் ஒரே இனத்தவர் ஒரே கட்டடத்தில் குவிந்துவிடாமலிருக்க 1989 முதல் இன ஒதுக்கீட்டு வரம்பு இருக்கிறது. சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இல் ஒரு சட்டமும், இன நல்லிணக்கத்தைக் காக்க 2025இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியுள்ளன. ஊரில் குடும்பக் குழுவில் வந்த மதக் கிண்டல் காணொளியை யோசிக்காமல் அலுவலக வாட்ஸாப் குழுவுக்குத் தட்டிவிடுவது இங்கே சின்ன விஷயம் இல்லை. வேலை போகலாம், சட்டமும் குறுக்கிடலாம். இந்திய அரசியல் பற்றிய சண்டைகளையும் விமான நிலையத்தோடு விட்டுவிட்டு வருவது நல்லது.

படி 2: முதல் வாரத்தில் பெயர்களைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒருவரோடு பழகத் தொடங்குவதற்குப் பெயரைவிட எளிய வழி இல்லை. ஆயினும் பலர் அதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். டான் வெய் மிங் என்று ஒருவர் இருந்தால், முன்னால் நிற்கும் "டான்" குடும்பப் பெயர். "வெய் மிங்" என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய சொந்தப் பெயர். அவரை "வெய்" என்று பாதியில் வெட்டி அழைப்பது சரியன்று. "டான்" என்று வெறுமனே அழைப்பது அதைவிட மோசம். பலருக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் பெயரும் இருக்கும். அப்போது எந்தப் பெயரில் அழைக்கலாம் என்று அவரையே கேட்டுவிடலாம்.

மலாய்ப் பெயர்களைப் புரிந்துகொள்வதில் தமிழர்களுக்குச் சிரமமே இருக்கக் கூடாது. அவர்களுக்கும் நம்மைப்போலக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயர்தான். அஹ்மத் பின் யூசோஃப் என்றால் யூசோஃபின் மகன் அஹ்மத். பெண்களுக்கு "பிந்தே" என்று வரும். அவரை மரியாதையாக "திரு. அஹ்மத்" என்று எழுத வேண்டும். "திரு. யூசோஃப்" என்று எழுதினால் கடிதம் அவருடைய அப்பாவுக்குப் போகிறது.

அதே சிக்கல் உங்களுக்கும் வரும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் இருப்பதால், அலுவலக மின்னஞ்சல் முகவரியும் வாயில் அட்டையும் உங்கள் அப்பாவின் பெயரில் தயாராகி உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும். சேருவதற்கு முன்பே மனிதவளப் பிரிவுக்கு எழுதி, "என்னை அழைக்கும் பெயர் இது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நீளமான பெயராக இருந்தால், மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி சுருக்குவதற்கு முன் நீங்களே ஒரு சுருக்கத்தைச் சொல்லிவிடுங்கள். சுருக்க விருப்பமில்லை என்றால் முழுப் பெயரையே இரண்டு மூன்று முறை பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், கற்றுக்கொள்வார்கள்.

"சார்", "மேடம்" என்ற அழைப்பு இங்குள்ள பெரும்பாலான அலுவலகங்களில் இல்லை. இயக்குநரைக்கூடப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். சில உள்ளூர்க் குடும்ப நிறுவனங்களில் முதலாளியைத் திரு. என்ற அடையோடு அழைப்பார்கள். மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். துப்புரவுப் பணியாளர், தேநீர்க் கடைக்காரர் போன்ற மூத்தவர்களை இந்த ஊரில் எல்லா இனத்தவரும் "அங்கிள்", "ஆன்ட்டி" என்றே அழைப்பார்கள், நீங்களும் அழைக்கலாம். ஆனால் ஐம்பது வயதுச் சக ஊழியரை அப்படி அழைத்தால் அவர் முகம் மாறும்.

படி 3: சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பழகுங்கள்

அலுவலக உறவுகள் கூட்ட அறையில் வளர்வதைவிடச் சாப்பாட்டு நேரத்தில்தான் அதிகம் வளர்கின்றன. மனம் கோணுவதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே இதை விரிவாகவே சொல்கிறேன்.

ஹலால் என்றால் பன்றி இறைச்சி இல்லாதது என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். இறைச்சி அறுக்கப்பட்ட முறை, சமைத்த பாத்திரம், பன்றிக் கொழுப்பு, சமையலில் சேர்க்கும் மது, கேக்கில் ஊற்றும் ரம் ஆகிய எல்லாமே அதில் அடங்கும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழ் ஒன்று. "பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் இல்லை" என்று கடைக்காரர் தாமே எழுதி ஒட்டியிருக்கும் பலகை வேறொன்று. குழுவுக்கு உணவு வரவழைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடம் ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனியாக இருக்கும். அவசரத்தில் மாற்றி வைத்துவிடாதீர்கள். அலுவலகச் சமையலறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பைப் பற்றியும் சிலருக்குத் தயக்கம் இருக்கும். உணவை மூடிச் சூடாக்குவது எல்லாருக்கும் நல்லது.

ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டபின், "நீங்கள் முஸ்லிம், இங்கே வர மாட்டீர்கள்" என்று அவருக்காக நீங்களே முடிவெடுத்து, அவரை விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய பிழை. ஒருவர் ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் மட்டுமே உண்பார். இன்னொருவர் உங்களோடு எந்தக் கடைக்கும் வந்து பழச்சாறு மட்டும் குடிப்பார். மூன்றாமவர் மீன் உணவு கிடைத்தால் போதும் என்பார். "இந்தக் கடை உங்களுக்குச் சரிப்படுமா, வேறு இடம் பார்க்கலாமா?" என்று கேட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

சீனர்கள் எதையும் சாப்பிடுவார்கள் என்பது நம் ஊரிலிருந்து கூடவே வரும் நினைப்பு. குவான் யின் தெய்வத்தை வணங்கும் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் மட்டும் உண்பவர்கள் உண்டு. சீன பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. சைவ உணவு உண்ணும் தமிழர், வெங்காயம் போட்ட சாம்பாரைச் சீன பௌத்தத் தோழருக்கு நம்பிக்கையோடு நீட்டினால் அவர் தயங்குவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

நீங்கள் சைவம் என்றால் அந்தச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். எது எது கூடாது என்று பொருள்பொருளாகச் சொல்லுங்கள். காய்கறிப் பொரியலில் சிப்பிச் சாறும், சம்பாலில் காய்ந்த இறாலும் பெலாச்சான் என்ற இறால் விழுதும், சூப்பில் மீன் சாறும் இருப்பது இங்கே வழக்கம். சமைப்பவர் அவற்றை இறைச்சியாகவே கருதாமல் இருக்கலாம். "இறைச்சி, மீன், இறால், முட்டை, இவற்றின் சாறு எதுவும் வேண்டாம்" என்று சொன்னால் குழப்பம் வராது.

சீன விருந்துகளில் தட்டுகளை நடுவில் வைத்து எல்லாரும் எடுத்துச் சாப்பிடுவார்கள். தம் குச்சியாலேயே பொதுத் தட்டிலிருந்து எடுத்து, அன்பு மிகுதியால் உங்கள் தட்டிலும் வைப்பவர்கள் உண்டு. எச்சில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சங்கடமாக இருக்கும். முகம் சுளிக்காமல், உட்கார்ந்தவுடனே பரிமாறும் கரண்டி ஒன்றைக் கேட்டு வாங்கி நடுவில் வைத்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தோருக்கு ஊதுவத்தி ஏற்றுவதை நினைவூட்டும். கையால் சாப்பிடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மலாய்க்காரர்களும் கையால் உண்பவர்களே. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் சீனர்களும் கையால் உண்பதைப் பார்ப்பீர்கள்.

மது அருந்தாதவர் அலுவலகம் முடிந்தபின் நடக்கும் கூடல்களுக்குப் போகாமலே இருந்துவிடுவது உண்டு. எலுமிச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவாருங்கள். அங்கே போகும் மற்றவர்களிலும் குடிக்காதவர்கள் இருப்பார்கள்.

படி 4: பேச்சையும் மௌனத்தையும் அளந்து பாருங்கள்

இங்குள்ள அன்றாட ஆங்கிலம் மிகச் சுருக்கமானது. முடியுமா என்று கேட்டால் "கேன்" என்ற ஒரே சொல்லில் பதில் வரும். முடியாது என்றால் "கேனாட்" அவ்வளவுதான். "மூன்று மணிக்குள் அனுப்பு" என்று ஒருவரி மின்னஞ்சல் வந்தால் அதில் கோபத்தைத் தேடாதீர்கள். "லா" என்ற ஈற்றசையைக் கேட்டுச் சிரிப்பதோ, வந்த வாரமே அதைப்போலப் பேசிக்காட்டுவதோ வேண்டாம். கூடவே இருந்தால் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

நம் பக்கத்தில் திருத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நாம் தலையை ஆட்டும் விதம் ஆம் என்கிறதா, இல்லை என்கிறதா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிறதா என்று பிறருக்கு விளங்குவதில்லை. தலையை ஆட்டினாலும் வாயால் சொல்லிவிடுங்கள். மேலாளர் கேட்ட வேலை வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று தெரிந்தும், மரியாதை கருதிச் "செய்துவிடலாம்" என்று சொல்லிவிட்டு, வியாழன் மாலை மெதுவாக வாய் திறப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். முதலிலேயே "வெள்ளிக்கிழமை பாதி தர முடியும், மீதி செவ்வாய்க்கிழமை" என்று தேதியோடு சொல்பவரைத்தான் இங்கே நம்புவார்கள். தொலைபேசியில் ஊருக்குப் பேசும்போது குரல் தானாக உயர்ந்துவிடும்; எழுந்து வெளியே போய்ப் பேசுங்கள்.

ஒருவருடைய வேலையில் குறை சொல்ல வேண்டியிருந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். பலர் முன்னிலையில் ஒருவரைக் கேள்வி கேட்டு மடக்குவது எந்த இனத்தவருக்கும் பிடிக்காது. இங்கே அதை நெடுநாள் மறக்கவும் மாட்டார்கள்.

ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் மூவர் தமிழில் பேசினால் மற்ற இருவரும் தம் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். மாண்டரின் பேச்சில் நீங்கள் மாட்டிக்கொள்ளும்போது அந்த இருவரின் நிலை புரியும். அப்போது மனத்தில் வைத்துப் புழுங்காமல், "நானும் கேட்கிறேன், ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கவனிக்காமல்தான் மொழி மாறியிருப்பார்கள். சீனர்கள் எல்லாருக்கும் மாண்டரின் தெரியும் என்பதும் இல்லை. முதியவர்கள் ஹொக்கியன், தியோச்சியு, கான்டனீஸ் பேசி வளர்ந்தவர்கள். 1979இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிய பின்னரே பொதுவெளியில் அது பரவலானது. வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்து, மாண்டரினில் தட்டுத்தடுமாறும் சீன இளைஞர்கள் இன்று நிறையப் பேர்.

கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை இல்லையா, சம்பளம் எவ்வளவு என்று முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். வாடகை எவ்வளவு கொடுக்கிறாய் என்று சீன ஆன்ட்டி ஒருவர் உங்களை முதல் நாளே குடைந்தெடுக்கலாம். அது அவர்களுடைய உரிமை, உங்களுக்கு இன்னும் வரவில்லை. கைகுலுக்குவதிலும் கொஞ்சம் பொறுங்கள். முஸ்லிம் பெண்களில் சிலர் ஆண்களோடு கைகுலுக்குவதில்லை; அவர் கை நீட்டினால் குலுக்கலாம், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் நீங்களும் அவ்வாறே செய்யலாம்.

படி 5: எல்லாருடைய நாட்காட்டியையும் உங்கள் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்

ஆண்டுக்கு 11 பொது விடுமுறை நாள்கள். சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், விசாக தினம், புனித வெள்ளி, கிறிஸ்துமஸ், தீபாவளி ஆகியவை அவற்றுள் அடங்கும். தைப்பூசம் 1968இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, பொங்கலும் கிடையாது. அந்நாள்களில் விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள்.

சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் மாலை குடும்பம் ஒன்றுகூடி உண்ணும் விருந்து அவர்களுக்கு முதன்மையானது. அன்று மாலைக்கு எந்த வேலையையும் கெடு வைக்காதீர்கள். அந்நாள்களில் மற்றவர்களின் வேலையை நீங்கள் பார்த்துக்கொண்டால் தீபாவளிக்கு உங்கள் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கொடுக்கல்வாங்கல் பல அலுவலகங்களில் பேசாமலே நடக்கிறது. வீட்டுக்கு அழைத்தால் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரு கைகளாலும் கொடுங்கள். சிவப்பு உறையில் வைக்கும் பணம் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். நான்கு என்ற எண் ஆகாது. நாம் மொய்க்கு 51, 101 என்று ஒன்றைக் கூட்டி வைப்போம். சீனர்களிடத்தில் ஒற்றைப்படைத் தொகை துக்க வீட்டில் வெள்ளை உறையில் வைத்துக் கொடுப்பது. கல்யாண உறையில் 101 வெள்ளி வைத்துவிடாதீர்கள். கடிகாரத்தையும் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவர் முன்னால் நீங்கள் சாப்பிடக் கூடாது என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் குழுவின் மதிய விருந்தை அந்த மாதத்தில் வைக்காதீர்கள். மாலைக் கூட்டத்தை ஏழு மணி வரை இழுக்காதீர்கள், அது நோன்பு திறக்கும் நேரம். "தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்களா?" என்று நீங்கள் வியப்போடு கேட்பது அந்த வாரத்தில் அவர் கேட்கும் எத்தனையாவது முறையோ. ஒருவர் நோன்பிருக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கவே கேட்காதீர்கள். உடல்நிலை, மாதவிடாய் என்று சொல்ல விரும்பாத காரணங்கள் இருக்கலாம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை கூட்டம் வைக்காமலிருந்தால் ஜும்ஆ தொழுகைக்குப் போகிறவர் உங்களிடம் அனுமதி கேட்கும் சங்கடம் இருக்காது.

உள்ளூர் ஆண்கள் சிலர் திடீரென்று ஒன்றிரண்டு வாரம் காணாமல் போவார்கள். முழுநேரத் தேசிய சேவையை முடித்தபின்னும் ஆண்டுதோறும் படைமுகாம் பயிற்சிக்கு அவர்கள் அழைக்கப்படுவது சட்டக் கடமை. அதை விடுமுறை என்று கிண்டல் செய்யாதீர்கள்; வெளிநாட்டவர் வாயிலிருந்து அந்தக் கிண்டல் வந்தால் ஆழமாகப் பாயும்.

படி 6: நம்மவர் என்று நினைப்பவரிடம் இன்னும் கவனமாக இருங்கள்

பிற இனத்தவரிடம் பார்த்துப் பார்த்துப் பழகும் நாம் தமிழரைக் கண்டதும் எல்லாவற்றையும் தளர்த்திவிடுகிறோம். என் பார்வையில், புதிதாக வருபவர்களுக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். சிங்கப்பூரில் பிறந்த தமிழருக்குச் சிங்கப்பூர்தான் ஊர். "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் அவர் ஈசூன் என்றோ தோ பாயோ என்றோ சொல்வார். "இல்லை, ஊரில் எந்த ஊர்?" என்று மீண்டும் துருவினால், அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்பதும் கூடாது. ஊர், குலதெய்வம், அசைவம் சாப்பிடுவீர்களா என்று சுற்றிவளைத்து மோப்பம் பிடிப்பதும் கூடாது. இதில் மட்டும் "கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்ற என் அறிவுரை பொருந்தாது.

அவர்கள் பேசும் தமிழில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலமும் கலந்திருந்தால் திருத்த முனையாதீர்கள். பள்ளியில் தமிழ் படித்தும் பேசத் தயங்குபவர்கள் அந்தத் திருத்தலுக்கு அஞ்சியே ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேயர் காலத்தில் எழுத்தர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள், மலையாளிகள், தெலுங்கர்கள், பஞ்சாபிகள், சிந்திகள் என்று "இந்தியர்" என்ற ஒரு சொல்லுக்குள் பல சமூகங்கள் இருக்கின்றன. வடஇந்தியச் சக ஊழியர் உங்களிடம் இந்தியில் தொடங்கினால் ஆங்கிலத்தில் இயல்பாகப் பதில் சொல்லுங்கள்; ஒரு வாரத்தில் அவரும் மாறிவிடுவார்.

ஆள் எடுக்கும் பொறுப்பு வந்தால் தெரிந்தவர்களையே கொண்டுவந்து சேர்க்கத் தோன்றும். 2023 செப்டம்பர் முதல், வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான புதிய விண்ணப்பங்களுக்குக் காம்பஸ் என்ற புள்ளி முறை நடைமுறையில் இருக்கிறது. அதில் தேற 40 புள்ளி வேண்டும். நிறுவனத்தின் நிபுணத்துவ ஊழியர்களில் விண்ணப்பதாரரின் நாட்டவர் ஏற்கெனவே 25 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், பன்முகத்தன்மைக்கான பிரிவில் அவருக்குப் புள்ளியே கிடையாது. ஒரே நாட்டவர் நிறைந்த குழுவை உள்ளூர் ஊழியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 7: இனத்தை ஒதுக்கிவைத்து ஆளைப் பாருங்கள்

சில மாதங்கள் கழிந்தபின் உங்களுக்கு வேறோர் ஆபத்து வரும். கற்றுக்கொண்ட பழக்கவழக்கங்களை வைத்து எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்குவீர்கள். கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்கவில்லை. சீனர்கள் அப்படித்தான், மேலதிகாரி முன் பேச மாட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். உண்மையில் அவர் படித்து யோசித்த பின்னரே கருத்துச் சொல்லும் இயல்பினராக இருக்கலாம். கூட்டத்தில் பேசப்போவதை முதல்நாளே எழுதி அனுப்பிப் பாருங்கள். மறுநாள் அவர்தான் அதிகம் பேசுவார். ஒருவர் மாலை ஐந்தரைக்கு எழுந்துவிடுகிறார் என்றால் அவருக்கு அக்கறை இல்லை என்று பொருள் அன்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தவர் நீங்கள் கூப்பிட்டும் திரும்பாமல் போகலாம். கண்ணைப் பார்த்துப் பேசாதவர், இரைச்சலில் வேலை செய்ய முடியாதவர், திடீர் மாற்றங்களால் நிலைகுலைபவர் என்று மனிதர்கள் பலவகை. இனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

புதிய ஒருவரோடு வேலை தொடங்கும்போது, காப்பி குடிக்கும் நேரத்தில் சில கேள்விகளைக் கேட்டுவிடுவது என் வழக்கம். குறுஞ்செய்தி அனுப்பலாமா, நேரில் வந்து பேசலாமா? எந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது? குறை இருந்தால் உடனே சொல்லவா, எழுதி அனுப்பவா? இவற்றுக்கு உங்கள் பதிலையும் சேர்த்தே சொல்லுங்கள்; இல்லையென்றால் விசாரணைபோல் ஆகிவிடும். காரணத்தைக் கேட்காதீர்கள். "காலையில் பத்து மணி வரை கூட்டம் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அது போதும். ஏன் என்பது அவர் விரும்பினால் பிறகு வரும்.

வயதிலும் நம் எதிர்பார்ப்பு தவறும். 2022 ஜூலை முதல் ஓய்வு வயது 63, ஓய்வு வயதை எட்டிய தகுதியுள்ள ஊழியருக்கு நிறுவனம் மீண்டும் வேலை தர முன்வர வேண்டிய மறுவேலைவாய்ப்பு வயது 68. 2026 ஜூலையிலிருந்து அவை 64, 69. எனவே உங்களைவிட முப்பது வயது மூத்தவர் உங்களுக்குக் கீழே பணிபுரியலாம். அவருக்கு வேலை சொல்லத் தயங்கி அதை நீங்களே செய்துகொள்வது மரியாதை ஆகாது. நேரடியாக, பணிவாகச் சொல்லுங்கள். அவருடைய அனுபவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நீக்குப்போக்கான வேலை நேரம் உங்களுக்கே தேவைப்பட்டால், அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் என்ற மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்து 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகளின்படி எழுத்துபூர்வமாகக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் எழுத்துபூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஆனால் தொழில் சார்ந்த காரணம் சொல்ல வேண்டும்.

படி 8: மனம் புண்பட்டால் செய்ய வேண்டியவை

உங்களால் ஒருவர் புண்பட்டார் என்று தெரிந்தால், அன்றே தனியாகச் சந்தித்து மன்னிப்புக் கேளுங்கள். எங்கள் ஊரில் இது சாதாரணம் என்ற விளக்கத்தைச் சேர்க்காதீர்கள். அதைச் சேர்த்தால் மன்னிப்பு வாதமாகிவிடும்.

உங்களைப் புண்படுத்தினால் முதலில் பிரித்துப் பாருங்கள். தெரியாமல் கேட்ட கேள்வி என்றால் அங்கேயே பதில் சொல்லி முடித்துவிடலாம். நிறம், உணவின் மணம், பேச்சு ஆகியவற்றைப் பற்றிய கிண்டல் தொடர்ந்து வந்தால் "இது எனக்குப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள்" என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். சிரித்து மழுப்பினால் உங்களுக்கும் அது வேடிக்கை என்றே எடுத்துக்கொள்வார்கள். அதன்பின்னும் நிற்கவில்லை என்றால் தேதி, நேரம், சொன்ன சொற்கள், உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டு மேலாளரிடமோ மனிதவளப் பிரிவிடமோ மின்னஞ்சலில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால், டஃபெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் முத்தரப்புக் கூட்டணியை அணுகலாம். வேலையிடப் பாகுபாடு, தொந்தரவு பற்றிய முறையீடுகளை அது கவனிக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, நாட்டுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், மதம், மொழித்திறன், உடற்குறை, மனநல நிலை ஆகியவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதை அது தடைசெய்கிறது. நடைமுறைக்கு வரும்போது தொடக்கத்தில் 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதுவரை நியாயமான வேலைவாய்ப்பு நடைமுறைகளுக்கான முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள்தாம் அடிப்படை.

முறையிட்டதற்காகவே வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதினால், சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் தவறான பணிநீக்க முறையீட்டைக் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பதிய வேண்டும். ஊருக்குப் போய் யோசித்துக்கொள்ளலாம் என்று விமானம் ஏறிவிட்டவர்களுக்கு அந்த ஒரு மாதம் அங்கேயே கரைந்துவிடுகிறது.